குறுகிய அலகுத் துடுப்பால் கயாக்கை முன்னோக்கிச் செலுத்தும் முறை: புதியவர்களுக்கு

கயாக் என்னும் ஒல்லியான சிறுபடகை ஓட்ட உதவும், இருமுனையிலும் குறுகிய அலகு கொண்ட கிரீன்லாந்துத் துடுப்பை முதன்முறையாகக் கையில் வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, இவ்வளவு ஒல்லியான கட்டையால் தண்ணீரை வலிக்க முடியுமா என்பதுதான். கேள்வி நியாயமானது. கடைகளில் கிடைக்கும் வழக்கமான கயாக் துடுப்பின் அலகு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி, 16 முதல் 18 செ.மீ. வரை அகலம் இருக்க, இதன் அலகு மிக அகலமான இடத்தில்கூட ஏறத்தாழ 8 அல்லது 9 செ.மீ.தான் இருக்கும். ஆனால் இதன் அலகு ஒவ்வொன்றும் 80 செ.மீ. அளவுக்கு நீண்டிருப்பதால், மொத்தப் பரப்பளவை எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கண் சொல்வதைவிடக் குறைவே. அந்த நீளம் முழுவதும் தண்ணீருக்குள் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பாதி அலகை வெளியே விட்டுவிட்டு முழுப் பலத்துடன் இழுப்பவருக்கு, இந்தத் துடுப்பு ஒன்றுக்கும் உதவாத குச்சியாகவே தோன்றும். எனவே கீழே சொல்லப்படும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றே: அலகு முழுவதும் மூழ்கும் வரை பலம் கொடுக்கக் கூடாது.

இந்தத் துடுப்பு கடல்நாய் வேட்டைக்காகக் கயாக் ஓட்டிய இனுயிட் மக்களுடையது. மரங்கள் ஏறக்குறைய வளராத கிரீன்லாந்தில், சைபீரிய ஆறுகளிலிருந்து கடலுக்கு வந்து பனிக்கட்டியோடு மிதந்து கரை ஒதுங்கிய மரங்களைச் செதுக்கியே கயாக்கின் சட்டத்தையும் துடுப்பையும் செய்தார்கள். பனிக்கட்டியில் இடித்துச் சிதையாமலிருக்க அலகின் நுனியிலும் விளிம்பிலும் எலும்புப் பட்டை பதித்தார்கள். அகலமான பலகை கிடைக்காததால்தான் அலகு குறுகியது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. குறுகிய அலகு காற்றில் குறைவாகவே பிடிபடுகிறது, சத்தமின்றித் தண்ணீருக்குள் இறங்குகிறது, எந்த இடத்திலும் கைக்குள் அடங்குகிறது. கவிழ்ந்த கயாக்கை உள்ளே அமர்ந்தபடியே நிமிர்த்த வேண்டிய வேட்டைக்காரருக்குத் துடுப்பின் நுனிவரை கையை நகர்த்திப் பிடிக்க முடிவது உயிர் காக்கும் விஷயம். இன்றும் அங்கே கயாக் மன்றங்களின் தேசியக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறது. அதில் கயாக் ஓட்டும் பந்தயங்களும் உருண்டு நிமிரும் போட்டிகளும் உண்டு. 1998இல் பதின்பருவத்திலேயே அந்தப் போட்டியில் முதலிடம் பெற்ற மலிகியாக் பாடில்லாவின் முறையைப் பார்த்துத்தான் கிரீன்லாந்துக்கு வெளியே பலரும், தோளால் இழுப்பதை விட்டு வயிற்றுத் தசையால் வலிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

உங்களுக்கு ஏற்ற துடுப்பு

நீளத்தைக் கிரீன்லாந்தில் உடலைக்கொண்டே அளப்பார்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்தால் வரும் ஒரு பாகம், அதனுடன் ஒரு முழம். இரண்டையும் கூட்டினால் உங்கள் துடுப்பின் நீளம். 170 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 215 செ.மீ. வரும். அளவுநாடா தேவையில்லை, துடுப்பை நிலத்தில் செங்குத்தாக நிறுத்திக் கையை மேலே தூக்கினால் விரல்கள் மேல்நுனியில் மடிந்து பிடிக்க வேண்டும். மரபான கயாக்கின் அகலம் 50 செ.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால் இந்த அளவு அதற்குப் பொருந்துகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரைகளிலும் உப்பங்கழிகளிலும் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 75 செ.மீ. அளவுக்கு அகலமான, மேலே அமர்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்குகள். அவற்றில் இந்த முறையைப் பழகலாம்; ஆனால் துடுப்பு 10 செ.மீ. வரை கூடுதல் நீளமாக இருப்பது நல்லது. இல்லையெனில் ஒவ்வொரு முறையும் படகின் ஓரத்தில் விரல் உரசும்.

இரண்டு அலகுகளுக்கும் நடுவே உள்ள பிடித்தண்டு பெரியவர்களுக்கு 46 முதல் 56 செ.மீ. வரை இருக்கும். முழங்கைகளை விலாவோடு தளர்வாக வைத்து முன்கைகளை நீட்டினால், இரு உள்ளங்கைகளுக்கும் இடையிலான தூரம் எவ்வளவோ அதுவே உங்கள் தண்டின் நீளம். அலகின் அகலத்துக்கும் கைதான் அளவுகோல்: கட்டைவிரலின் கவட்டில் ஒரு விளிம்பை வைத்தால் மறுவிளிம்பு விரல்களின் முதல் மூட்டுக்குள் அடங்க வேண்டும். தண்டின் குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கட்டும். அலகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் விரல்களால் உணர அது உதவும். இரண்டு அலகுகளும் ஒரே தளத்தில் இருப்பதே மரபு. ஒன்றுக்கொன்று திருகிய துடுப்பு இம்முறைக்கு ஒத்துவராது.

மரத்துடுப்பு வாங்கினால் வார்னிஷ் பூசியதைவிட எண்ணெய் ஊட்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். வார்னிஷ் ஈரக்கையில் வழுக்கும், கொப்புளத்தையும் உண்டாக்கும். வீட்டில் ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால், பூசிய துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

அமர்வதும் பிடிப்பதும்

இருக்கையின் பின்சாய்வில் சாயாமல் நிமிர்ந்து அமருங்கள். பாதங்கள் கால்மிதியில் உறுதியாகப் பதிந்திருக்க, முழங்கால்கள் சற்றே மடிந்திருக்க வேண்டும். கால் பதியாவிட்டால் உடலைத் திருப்பிப் பெறும் பலம் படகுக்குப் போய்ச் சேராது. துடுப்பு நகரும், படகு நகராது. முதல் முறை தண்ணீரில் இறங்குபவர்கள் உயிர்க்காப்பு மேலாடை அணிந்து, துணையோடு, ஆழமற்ற அமைதியான நீரில் பழக வேண்டும். உள்ளே அமரும் வகைக் கயாக் என்றால், கவிழ்ந்தவுடன் வெளியே வரும் பயிற்சியைத் துடுப்புப் பயிற்சிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இப்போது கைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு வளையம்போலத் தண்டைச் சுற்றியிருக்கட்டும். மீதி மூன்று விரல்களும் தண்டு முடிந்து அலகு தொடங்கும் இடத்தின்மேல் தளர்வாகப் படிந்திருக்கட்டும். அதாவது கை பாதி தண்டிலும் பாதி அலகிலும் இருக்கும். வழக்கமான துடுப்பில் பழகியவர்களுக்குக் கைகள் மிக நெருங்கி இருப்பதுபோலத் தோன்றும். அப்படியே விடுங்கள். கைகளை அகற்றிப் பிடித்தால் தோள்தான் வேலை செய்யும். பிடி எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும் என்றால், மேலே இருக்கும் கை தள்ளும்போது அதன் விரல்களை முழுவதும் விரித்தாலும் துடுப்பு விழக் கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவடே அதைத் தாங்க வேண்டும். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டை மேலும் கீழும் மடித்தபடி வெகுநேரம் வலிப்பவர்களுக்கு அங்குள்ள தசைநாண் வீங்குவது கயாக் ஓட்டுபவர்களிடையே நன்கு தெரிந்த தொல்லை.

சாய்வு

இந்த முறைக்கே உரிய நுட்பம் இதுதான். புதியவர்கள் இங்கே நேரம் செலவழிக்க வேண்டும்.

துடுப்பை மடிக்குமேல் தாழ்வாகப் பிடித்து, மணிக்கட்டுகளை நேராக வைத்து, விரல்களைத் தளர்த்திப் பாருங்கள். அலகு செங்குத்தாக நிற்காது. அதன் மேல்விளிம்பு அணியத்தை (படகின் முன்முனையை) நோக்கிச் சற்று முன்னே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை அப்படியே காப்பாற்ற வேண்டும். பழைய வீடுகளின் ஜன்னலில் அடுக்கடுக்காக இருக்கும் கண்ணாடிப் பட்டைகளைப் பாதி திறந்து வைத்த நிலையை நினைத்துக்கொள்ளலாம்; அதைவிடச் சாய்வு சற்றுக் குறைவாகவே இருக்கட்டும்.

சாய்வு என்ன செய்கிறது? அலகைச் செங்குத்தாக வைத்துப் பின்னால் இழுத்தால், அதன் இரு விளிம்புகளிலிருந்தும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று, அலகு இடமும் வலமும் ஆடத் தொடங்கும். மேல்விளிம்பு முன்சாய்ந்த அலகோ, பின்னால் இழுக்கப்படும்போது தண்ணீரை ஒரு பக்கமாக வழிய விட்டுக் கீழ்நோக்கி இறங்கப் பார்க்கும். கையை யாரோ மெதுவாகக் கீழே இழுப்பதுபோல அது உணரப்படும். இந்த இறக்கமே நமக்கு வேண்டியது. அலகு தானாகவே ஆழத்தை எட்டும், ஆட்டம் நிற்கும், காற்றைக் கூடவே இழுத்துச் செல்லாது. சாய்வு எதிர்ப்பக்கமாக, அதாவது மேல்விளிம்பு உங்களை நோக்கி இருந்தால், அலகு நீர்மட்டத்துக்கு ஏறி வந்து வெளியே தெறிக்கும். எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறோம் என்ற சந்தேகம் வந்தால் மெதுவாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள்: இறங்கினால் சரி, ஏறினால் தவறு.

வலப்பக்கம் ஒரு சாய்வு, இடப்பக்கம் வேறொரு சாய்வு என்று மாற்ற வேண்டியதில்லை. இரு அலகுகளும் ஒரே தளத்தில் இருப்பதால், ஒருமுறை சரியாகப் பிடித்தால் இரு பக்கமும் அதே சாய்வு கிடைக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டைத் திருகுபவர்கள் தங்களுக்குத் தாங்களே தேவையற்ற வேலையைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஓர் இழுப்பு, படிப்படியாக

முதலில் உடலைத் திருப்புங்கள். வலப்பக்கம் வலிக்கப் போகிறீர்கள் என்றால் வலத்தோள் முன்னேயும் இடத்தோள் பின்னேயும் வர வேண்டும். கையை மட்டும் நீட்டினால் போதாது. இடுப்புக்கு மேலுள்ள உடல் முழுவதும் திரும்பி, அதன் விளைவாகக் கை முன்னே போக வேண்டும். வலக்கை முழங்கையில் இலேசான மடிப்போடு நீண்டிருக்கும். இடக்கை மார்பு மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழாகவோ இருக்கும். முகத்துக்கு நேராக உயர்த்த வேண்டாம். துடுப்பு மேல்தளத்துக்கு அருகில், தாழ்ந்த கோணத்தில் கிடக்கும். நீண்ட அலகை முழுவதும் மூழ்கடிக்கத் தண்டைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும் என்று தோன்றலாம்; தேவையில்லை, சாய்வே அதை இறக்கிவிடும்.

அடுத்தது, அலகைத் தண்ணீருக்குள் இறக்குவது. பாதத்துக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட இடத்துக்கு நேராக, படகை ஒட்டி அலகின் நுனி இறங்கட்டும். அடிக்காதீர்கள், குத்தாதீர்கள். முன்சாய்ந்த அலகின் தளம் கீழும் பின்னுமாகச் சரிந்திருக்கிறது. அந்தச் சரிவின் வழியே விட்டால் கீழ்விளிம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும். இந்த இடத்தில் குனிந்து பாருங்கள். சரியாக இறங்கும் அலகைச் சுற்றி நீர் மூடிக்கொள்ளும், அலகின் முதுகு பச்சையாகவோ பழுப்பாகவோ தெளிந்து தெரியும். தவறாக இறங்கும் அலகின் பின்னால் வெள்ளையாக ஒரு குழி திறந்து, நுரைக்கொத்து ஒன்று அலகோடு ஒட்டியபடி கீழே போகும். அந்த நுரை காற்று. காற்றைப் பிடித்துப் படகை நகர்த்த முடியாது. காதும் உதவும். ‘பிளக்’ என்ற சத்தம் வந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

அலகு வேர்வரை, அதாவது உங்கள் சுண்டுவிரல் தண்ணீரைத் தொடும் அளவுக்கு, மூழ்கிய பிறகுதான் பலம். அதற்கு முன் அலகு வெறுமனே இறங்குகிறது. இறங்கும் நேரம் ஒரு கணத்துக்கும் குறைவு, ஆனால் அந்தக் கணத்தைப் பொறுக்க முடியாததுதான் புதியவர்களின் பெரிய சிக்கல்.

பலம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. திருப்பி வைத்த உடல் இப்போது எதிர்ப்பக்கம் அவிழ்கிறது. வலக்கால் கால்மிதியை அழுத்த, வலஇடுப்பு பின்னே போகிறது. கூடவே வயிற்றுத் தசைகள் சுருங்கி, மேலே இருக்கும் இடக்கையை முன்னும் கீழுமாக அழுத்துகின்றன. கீழ்க்கை இழுப்பதாக நினைக்காமல், அலகைத் தண்ணீரில் ஓரிடத்தில் ஊன்றிவிட்டுப் படகை அதைத் தாண்டிக் கொண்டுபோவதாக நினைத்தால் உடல் சரியாக நகரும். கீழ்க்கையின் முழங்கை, அலகு முழங்காலைத் தாண்டும் வரை பெரிதாக மடங்கக் கூடாது. மடங்கினால் மேற்கையின் முன்பக்கத்திலுள்ள இருதலைத் தசையால்தான் இழுக்கிறீர்கள் என்று பொருள். அது ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

வெளியே எடுக்கும் இடத்தைப் பற்றிப் பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அகல அலகுத் துடுப்பை இடுப்புக்கு நேராகவே எடுத்துவிட வேண்டும்; அதற்குப் பின்னால் போனால் அது தண்ணீரை மேலே அள்ளி, அமரத்தை (படகின் பின்முனையை) கீழே அமுக்கும். அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் கிரீன்லாந்துத் துடுப்பையும் அங்கேயே பிடுங்குகிறார்கள். குறுகிய அலகோ இடுப்பைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனாலும் தண்ணீரை அள்ளுவதில்லை. மேல்விளிம்பு முன்னே சாய்ந்திருப்பதால் அது தானாகவே நீரைக் கிழித்து வெளியே வழுக்கி வருகிறது. என் பரிந்துரை, இடுப்புக்குப் பின்னால் ஒரு சாண் வரை போக விடுவதே. ஆனால் இடுப்பைத் தாண்டியபின் பலம் கொடுக்க வேண்டாம். முழங்கையை மடித்துப் பக்கவாட்டில் உயர்த்தினால் போதும், அலகு சத்தமின்றி வெளியே வரும். அலகிலிருந்து தண்ணீர் கொட்டினால் சாய்வு கலைந்துவிட்டது.

அலகு வெளிவரும்போதே உடல் மறுபக்கத்துக்குத் திரும்பி முடித்திருக்கும். இடத்தோள் முன்னே வந்துவிட்டது. இடக்கை தாழ்ந்தால் அடுத்த அலகு தண்ணீரில். நடுவில் தனியாக ஒரு தயாரிப்பு நிலை கிடையாது.

பழகும் வரிசை

முதல் நாள் வேகத்தை மறந்துவிடுங்கள். கரையில் அல்லது படகுத்துறையில் அமர்ந்து, ஒரு பக்கம் மட்டும், அலகை இறக்கி எடுப்பதை மட்டும் செய்யலாம். பிறகு படகில் மிக மெதுவாக, சத்தமே வராமல் நூறு மீட்டர் போய்ப் பாருங்கள். சத்தமில்லாமல் போக முடிந்ததும் இலேசாகப் பலத்தைக் கூட்டுங்கள். நுரையோ ஆட்டமோ வந்தால் பலத்தைக் குறைத்துப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். இப்படி ஏறி இறங்கித்தான் எல்லை விரியும். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு வலிப்பதும் நல்ல பயிற்சி, எதிரே படகில்லாத அகலமான நீர்ப்பரப்பாகவும் துணைக்கு ஒருவர் அருகிலும் இருந்தால்.

அகல அலகிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு விஷயம்: இழுப்பின் தொடக்கத்தில் இத்துடுப்பு சற்று வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இது நன்றாகத் தெரியும். முதல் சில இழுப்புகளை மென்மையாகக் கொடுத்துப் படகு ஓட்டம் பிடித்தபின் பலத்தைக் கூட்டினால் வழுக்கல் மறைந்துவிடும். ஓட்டம் பிடித்தபின், நெடுந்தூரப் பயணத்தில் தோள் வலி குறைவாக இருப்பதே பலரும் இத்துடுப்புக்கு மாறுவதற்குக் காரணம்.

தவறுகளும் திருத்தங்களும்

அலகு தண்ணீருக்குள் படபடவென்று ஆடினால், பெரும்பாலும் சாய்வு போதவில்லை, சிறிது கூட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பிடியை இறுக்கிவிட்டீர்களா என்று பாருங்கள், ஏனென்றால் இறுக்கிப் பிடித்த கை அலகைத் தன் இயல்பான வழியில் போக விடாது. சாய்வை அளவுக்கு மீறிக் கூட்டினாலோ அலகு ஆழமாக இறங்கும், படகு நகராது.

படகு ஒவ்வொரு இழுப்புக்கும் இடமும் வலமுமாகத் தலையாட்டினால், அலகு படகைவிட்டு விலகி வளைந்து போகிறது. முன்னே படகை ஒட்டி இறக்குங்கள், கைகளைத் தாழ்த்திக்கொண்டே அதிகம் விரிக்காதீர்கள். ஓரளவு விலகல் தாழ்ந்த கோணத்தில் இயல்பானது. அதை முற்றிலும் ஒழிக்கப் பார்க்க வேண்டாம்.

மடியில் தண்ணீர் சொட்டுவதை நிறுத்த வழியில்லை. கிரீன்லாந்தில் உடலோடும் படகின் வாயோடும் இறுக்கிக் கட்டும் தோல் மேலாடை இருந்ததால் அவர்களுக்கு அது பொருட்டாகவே இருக்கவில்லை. நம் வெயிலிலோ சொட்டும் அந்தத் தண்ணீர் ஒரு வரம்.

பக்கக் காற்றில் படகு ஒரு பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் மட்டும் பலமாக வலித்துக் களைக்காமல், இரு கைகளையும் துடுப்பின்மீது ஒரு சாண் நகர்த்திப் பிடியுங்கள். படகு திரும்பும் பக்கத்து அலகு நீளமாக வெளியே நிற்க, அது தானாகவே படகை நேராக்கும். இழுப்பின் எந்தப் படியும் மாறாது. சாய்வும் அதே சாய்வுதான். காற்று மாறியதும் கைகளை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.